'ஒண்ணுமில்லே' என்று சொல்லாதீர்கள்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கோடை விடுமுறையில் காரிலேயே லடாக் போவதாக இவர் பிளான் போட்டிருக்கிறார். கூடாரம் கூட வாங்கியாகிவிட்டது. நாலு வயதிலும் எட்டு வயதிலும் குழந்தைகள். உயரத்தில் மூச்சு முட்டும் என்கிறார்களே, போகலாமா, கூடாதா? கற்பூரம் கொண்டு போனால் போதும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார்."

மாமியின் கற்பூரத்துக்குப் பிறகு வருகிறேன், சகோதரி. முதலில் எங்கள் கதையைக் கேளுங்கள். 2022 ஜூலையில் நாங்களும் இதே மாதிரி காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள்தான். அப்போது நாங்கள் சண்டிகரில் குடியிருந்தோம். இவர், நான், பதினாலு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார் - ஆக ஐந்து பேர். அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. தினம் கோயிலைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி வருகிறவள். "என்னைப் பத்திக் கவலைப்படாதே, உன் முட்டியைப் பார்த்துக்கோ" என்று என்னைத்தான் கேலி செய்துகொண்டு வந்தாள்.

மணாலியில் ஒரு ராத்திரி தங்கினோம். அந்த ஊரின் உயரம் ஏறக்குறைய 6,700 அடி. நம் ஊட்டி அதைவிடச் சற்று அதிகம். அங்கிருந்து ஜிஸ்பா என்ற இடத்தில் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஒரு நாள் இருந்துவிட்டு, அடுத்த நாள் மேலே ஏறுவதாகத்தான் திட்டம். ஜிஸ்பா சுமார் 10,500 அடி. முன்பெல்லாம் ரோதாங் கணவாயை ஏறி இறங்கித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். அதற்கே பாதி நாள் ஓடிவிடும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப் பாதையைத் திறந்த பிறகு, ஒன்பது கிலோமீட்டர் மலைக்குள்ளேயே போய் வெளியே வந்துவிடலாம். இந்த சௌகரியமே எங்களுக்கு வினையாயிற்று. காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் பத்தரைக்கெல்லாம் ஜிஸ்பாவில் நின்றோம்.

"பொழுதே விடியாத மாதிரி இருக்கு, இங்கே உக்காந்து என்ன பண்றது? ஒரே மூச்சிலே சர்ச்சு போயிடலாமே" என்றார் இவர். குழந்தைகள் கைதட்டின. நானும் தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

ஜிஸ்பாவைத் தாண்டி தார்ச்சா, அப்புறம் பச்சைக் கண்ணாடி மாதிரி ஒரு ஏரி, அதற்கு மேலே பாரலாச்சா கணவாய் - 16,000 அடி. நம் தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 8,650 அடிதான். அதாவது, எத்தனை தடவை ஊட்டியும் கொடைக்கானலும் போய் வந்திருந்தாலும், இந்த உயரத்துக்கு அது ஒத்திகையே இல்லை. பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் உயரத்தின் உபத்திரவம் ஆரம்பிக்கிறது. நமக்கு 'மலை' என்றால் கொண்டை ஊசி வளைவும், எலுமிச்சம்பழமும், ஜன்னலோர வாந்தியும்தான் தெரியும்.

அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். கணவாயிலிருந்து இறங்கும்போதே அக்கா புளிப்பு மிட்டாய் கேட்டாள். "வளைவு ஒத்துக்கலே" என்றாள். எனக்கும் நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் சம்மட்டி அடித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். பையன் பிஸ்கெட் பாக்கெட்டைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் பிஸ்கெட் வேண்டாம் என்கிற ஜாதி இல்லை. அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

வளைவுகளால் வரும் குமட்டல் கார் நின்று சிறிது நேரத்தில் அடங்கிவிடும். உயரத்தால் வருவது அப்படி இல்லை. பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்துத்தான் தலையைக் காட்டும்; ராத்திரியில் முற்றும். தலைவலி, அதோடு குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு, அசதி, கிறுகிறுப்பு, தூக்கமின்மை - இவற்றில் ஏதாவது சேர்ந்தால், 'வெயில்', 'பித்தம்', 'ராத்திரி தூங்கலே' என்று காரணம் தேடவே கூடாது. வேறு காரணம் நிச்சயமாகத் தெரிகிற வரையில் உயரம்தான் காரணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சர்ச்சு வந்து சேர்ந்தோம். பொட்டல் வெளி. நடுவே ஆறு, வரிசையாக வாடகைக் கூடாரங்கள். காற்று ஆளைத் தள்ளுகிறது. உயரம் 14,000 அடி. ஒரு கூடாரக்காரரிடம் இடத்துக்குப் பணம் கொடுத்து, பக்கத்திலேயே எங்கள் கூடாரத்தை அடித்தோம். நான் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்து அரிசியைக் களைந்து போட்டேன். இடத்தை அடைக்கிறது என்று குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி மட்டும் வேகவே இல்லை! முக்கால் மணி நேரம் ஆகியும் நடுவில் வெள்ளைப் பொட்டு. கூடாரக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "பஹன்ஜி, குக்கர் இல்லாம இங்கே சோறு ஆகாது!"

உயரத்தின் ரகசியமே அந்தப் பானையில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் அங்கே 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிரச் சூடு போதவில்லை. அதே அழுத்தக் குறைவுதான் நம் மூச்சுக்கும் எதிரி. காற்றில் பிராண வாயுவின் விகிதம் எங்கேயும் ஒன்றுதான். ஆனால் காற்றே மெலிந்துவிடுவதால், கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற பிராண வாயுவில் நூற்றுக்கு அறுபது பங்குதான் சர்ச்சுவில் கிடைக்கும். உடம்பு வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கப் பார்க்கிறது. பழகிக்கொள்ள அதற்கு நாட்கள் வேண்டும். நாங்கள் கொடுத்ததோ பதினோரு மணி நேரம்.

முழுக்க வேகாத சாதத்தை யாரும் சாப்பிடவில்லை. ரொட்டியும் டீயுமாக ஒப்பேற்றினோம். இரண்டு பெரியவர்கள் தட்டைத் தள்ளினார்களே, ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். "தலை வலிக்குதா அக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லே" என்றாள். "உனக்கு?" என்று இவர் என்னைக் கேட்டார். "ஒண்ணுமில்லே" என்றேன். பொய்! ஆசை ஆசையாகக் கிளம்பி வந்திருக்கிறார்கள், நம்மால் எதற்குக் கெட வேண்டும் என்கிற நினைப்பு. வீட்டில் ஜுரத்தோடு சமைத்துப் போட்டுவிட்டு 'ஒண்ணுமில்லே' என்போமே, அதே பழக்கம் 14,000 அடிக்கும் கூடவே வந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பெண்களுக்கு மட்டுமே உள்ள சங்கடம் இது. வழியில் ஒதுங்க இடம் கிடையாது. மரமும் கிடையாது, புதரும் கிடையாது. அதற்குப் பயந்து அக்கா காலையிலிருந்து இரண்டு வாய்த் தண்ணீர்தான் குடித்திருந்தாள். நானும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே உடம்பின் நீர் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் குடித்தால் மலை நோய் வராது என்று அர்த்தமில்லை. ஆனால் குடிக்காவிட்டால் அதே தலைவலி, அதே அசதி, எது எதனால் என்றே பிரிக்க முடியாமல் போகும். இப்போது நான் காரில் ஒரு பெரிய குடையும் பழைய புடவை ஒன்றும் வைத்திருக்கிறேன். ஒருவர் பிடித்துக்கொண்டால் மறைப்பு ஆயிற்று.

குளிர் எலும்பைத் துளைத்ததால், அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து கொஞ்ச நேரம் எரியவிடலாம் என்றார் இவர். கூடாரக்காரர் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். மூடிய கூடாரத்தில் அடுப்போ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்கிற விஷவாயு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. அதுவும் தலைவலியும் குமட்டலுமாகத்தான் ஆரம்பிக்கும். உயரம் என்று நினைத்துத் தூங்கப் போனால் எழுந்திருக்கவே மாட்டோம். எவ்வளவு குளிரானாலும் அடுப்பு வெளியில்தான்.

ராத்திரி மூன்று மணி இருக்கும். அக்கா எழுந்து வெளியே போனாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு நானும் போனேன். திரும்பி வரும்போது கூடாரக் கயிறு தடுக்கி விழப் பார்த்தாள். தாங்கிப் பிடித்தால் என்னைப் பார்த்து, "காவேரியிலே தண்ணி வந்துடுச்சா? சத்தம் கேக்குதே" என்றாள்.

எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு கூடாரக்காரர் வந்தார். அதிகம் பேசவில்லை. "பஹன்ஜி, இவங்களை நேர்க்கோட்டிலே நடக்கச் சொல்லுங்க" என்றார். குதிகாலை முன்காலின் விரலில் ஒட்டிவைத்து, அடி மேல் அடியாகப் பத்தடி. அக்காவால் மூன்றாவது அடி வைக்க முடியவில்லை; ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். வாசலை அடைத்துக் கோலம் போட்டாலும் ஒரு புள்ளி பிசகாத கை அவளுடையது!

"இப்பவே இறக்கணும். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது" என்றார் அவர்.

இறங்குவது என்றாலும் சர்ச்சுவில் ஒரு கஷ்டம் இருக்கிறது. அது இரண்டு கணவாய்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட இடம். எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் இறங்க வேண்டும். நாங்கள் வந்த வழியே 16,000 அடி பாரலாச்சாவைத் தாண்டினால்தான் பள்ளம். கூடாரக்காரர் தம்முடைய ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காரில் வைத்து, முகமூடியை அக்காவுக்கு மாட்டி, தம் பையனையும் வழிகாட்ட ஏற்றிவிட்டார். ஒரு நல்ல காலம், பனி உருகி ரோட்டைக் கடக்கும் ஓடைகள் மத்தியானம்தான் பெருகும், பின்னிரவில் வற்றியிருக்கும். கூடாரத்தை மடிக்கக் கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேர் என்ன, சொல்லுங்கோ" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே வந்தேன். கணவாயின் உச்சியில் அவள் பதில் சொல்லவில்லை. இவர் திரும்பியே பார்க்காமல் ஓட்டினார். பின்னால் பெண் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதது கேட்டது.

தார்ச்சா தாண்டியதும் அக்கா முகமூடியைத் தள்ளிவிட்டு, "காபி இருக்கா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை!

கேலாங் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். மூளையில் நீர் கோத்து வீங்க ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். "மருந்து பிறகுதான், நீங்க இறக்கினீங்களே, அதுதான் வைத்தியம்" என்றார். எனக்கும் பையனுக்கும் தலைவலி அங்கே இறங்கியதுமே போய்விட்டது. "இவ்வளவு தெம்பான மனுஷிக்கா?" என்று இவர் கேட்டதற்கு, "தெம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றாராம். உண்மைதான். சமவெளியிலிருந்து இமயமலைக்குக் கொண்டுபோன சிப்பாய்களில் 1,925 பேருக்கு வந்த மலை நோயைப் பற்றி நம் ராணுவ டாக்டர்கள் 1969-ல் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். அத்தனை பேரும் திடகாத்திரமான சிப்பாய்கள்! கோயிலைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுவது இதற்குக் கவசமாகாது.

மூளையைப் போலவே நுரையீரலிலும் நீர் கோக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், உதடு நீலம் பாய்வது - இவற்றைக் கண்டாலும் ஒரே வழி, உடனே இறக்கம். இறக்க முடியாத இடங்களில் நோயாளியை ஒரு பெரிய பைக்குள் படுக்கவைத்து, காலால் பம்ப் அடித்து உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அமெரிக்கக் கண்டுபிடிப்பு, 'கேமோ பை' என்று பெயர். நம் குக்கரின் தத்துவம்தான்! உள்ளே இருப்பவர் இருந்த இடத்திலேயே பல ஆயிரம் அடி இறங்கின மாதிரி.

இனி, திருச்சி சகோதரிக்கு.

கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கில் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் பிராண வாயு ஏறாது. நாலு வயதுக் குழந்தை கையில் அது அகப்பட்டு விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம். காருக்குள் அது வேண்டவே வேண்டாம். கடைகளில் விற்கிற சின்ன ஆக்ஸிஜன் டப்பாவும் சில நிமிஷத்துக்குத்தான். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கிற விரல் கருவியை எடுத்துப் போவீர்கள், போங்கள். ஆனால் வீட்டில் 98 காட்டுவது அந்த உயரத்தில் நன்றாக இருப்பவருக்கே எண்பதுகளில் காட்டும். விரல் குளிர்ந்திருந்தால் தாறுமாறாகவும் காட்டும். எண்ணைப் பார்த்து அலறவும் வேண்டாம், எண்ணை நம்பி ஏறவும் வேண்டாம். ஆளின் முகத்தைப் பாருங்கள்.

டயாமாக்ஸ் என்கிற மாத்திரை உண்மையிலேயே உதவும். உடம்பு உயரத்துக்குப் பழகுவதை அது சீக்கிரப்படுத்துகிறது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று. ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி 'ஒதுங்க' வேண்டி வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையை அங்கே தொடவே கூடாது. அது தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தப்படுத்தும். மதுபானத்துக்கும் அதே தடைதான் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் எட்டு வயது வாய் விட்டுச் சொல்லும். நாலு வயதுக்குத் 'தலைவலி' என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தட்டிவிடும், காரணமில்லாமல் சிணுங்கும், விளையாடாமல் சுருண்டு படுக்கும், தூங்காது. என் பையனின் திறக்காத பிஸ்கெட் பாக்கெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கண்டால் அன்றைக்கு மேலே ஒரு அடி கூட ஏறக் கூடாது. அதே உயரத்தில் தங்கி, ஒரு பாரஸிட்டமால் கொடுத்து, வெதுவெதுப்பான கஞ்சியோ ரசமோ கொடுத்துப் பாருங்கள். தெளிந்தால் மறுநாள் யோசிக்கலாம்; அதிகமானால் இறங்கிவிட வேண்டும்.

வழியைப் பற்றி: பகலில் எவ்வளவு உயரம் தாண்டுகிறோம் என்பதைவிட, ராத்திரி எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. 10,000 அடிக்கு மேல் போய்விட்டால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 1,500 அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் வரம்பு. நாங்கள் ஒரே நாளில் 7,300 அடி ஏறிப் படுத்தோம்! குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மணாலி வழியைவிட ஸ்ரீநகர் வழிதான் தேவலை. ஸ்ரீநகர் 5,200 அடி, சோனமார்க், கார்கில் இரண்டும் 9,000 அடிக்குள், பிறகு 11,500 அடியில் லே. நடுவே கணவாய்கள் வந்தாலும் தாண்டிவிட்டு இறங்கித் தூங்கலாம். லே போனதும் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள். ஏரி எங்கேயும் ஓடிப் போகாது. மணாலி வழியாகத்தான் போவேன் என்று உங்கள் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரியாவது தங்கிவிட்டு, விடியுமுன் கிளம்பி, நடுவில் எங்கும் படுக்காமல் லே போய்ச் சேர வேண்டும். அது நீண்ட, அலுப்பான பயணம். குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் போக மாட்டேன்.

இன்னொரு ஏற்பாடு, கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது. சாப்பாட்டுக்கு முன் ஒருத்தர் விடாமல் எல்லோரும் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, தண்ணீர் எவ்வளவு குடித்தாய், ராத்திரி தூங்கினாயா? 'ஒண்ணுமில்லே' என்கிற பதில் செல்லாது. இதை எங்கள் வீட்டில் பெண்தான் நடத்துகிறாள். சிம்லாவுக்குப் போனபோது கூட எங்களை விடவில்லை, அங்கே அது தேவையே இல்லை!

லேயை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. கேலாங்கிலிருந்து அப்படியே மணாலிக்குத் திரும்பிவிட்டோம். கூடாரத்தை அந்தக் கூடாரக்காரரே மடித்து ஒரு லாரியில் கொடுத்தனுப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார். வருகிற ஜூனில் ஸ்ரீநகர் வழியாகப் போகலாம் என்று இவர் மறுபடியும் வரைபடத்தை விரித்திருக்கிறார். அக்கா வர மாட்டேன் என்று சொல்லவில்லை, டாக்டரைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்று போனில் சொன்னாள். குக்கரை நான் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.